திரும்பலாம் என்று சொல்லும் உரிமை

மைசூரு அக்ரஹாரத்தில் அறை எடுத்துத் தங்கும் ஆய்வு மாணவர்களுக்கு மலை என்றால் சாமுண்டி மலைதான். அரண்மனைக்குத் தெற்கே உள்ள அந்தப் பகுதியிலிருந்து மலையடிவாரம் சில கிலோமீட்டர் தொலைவே. விடியற்காலையில் புறப்பட்டால், தொட்ட தேவராஜ உடையார் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த ஆயிரம் படிகளில் ஏறி, ஏறத்தாழ 700-ஆம் படிக்கு அருகே ஒரே பாறையில் செதுக்கப்பட்ட நந்தியைக் கண்டு, உச்சிக் கோயிலை அடைந்து, காலைச் சிற்றுண்டி வேளைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். இந்த ஏற்றத்துக்கு வழிகாட்டி வேண்டியதில்லை, படியே வழிகாட்டி. இளைத்தவர் உட்காரலாம். இறங்க இயலாதவர் உச்சியிலிருந்து பேருந்தில் இறங்கலாம்.

இந்தப் பழக்கம் தரும் துணிவோடுதான் மாணவர்கள் அடுத்த மலைகளுக்குப் போகிறார்கள். பாண்டவபுரத்துக் குந்தி பெட்டா, இராமநகரத்துப் பாறைகள், சாவனதுர்கா, மதுகிரி எனப் பட்டியல் நீள்கிறது. இவை தென் கர்நாடகத்தின் வறண்ட சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்கும் கருங்கல் மலைகள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேற்படாத உயரமே கொண்டவை. இமயத்தோடு ஒப்பிட்டால் குன்றுகள். ஆனால் அவற்றின் மேற்பகுதியில் மரம் அரிது, நீர் அரிது, நிழலும் அரிது. காலை ஒன்பது மணிக்குச் சூடேறத் தொடங்கும் பாறை, மேலிருந்து விழும் வெயிலோடு கீழிருந்தும் உடலைச் சுடுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இவற்றின் மீது ஏறுவது உயரத்தால் மலையேற்றம். தன்மையால் பாலைவனப் பயணம்.

தமிழ் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேற்று மொழிச் சொல் தேவையில்லை. பாலை என்பது தனி நிலம் அன்று. குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரத்தின் விளக்கம். இதனை இலக்கிய மரபாக மட்டும் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். உண்மையில் இது ஒரு புவியியல் உண்மை. மலை அதே மலைதான். பாதையும் அதே பாதைதான். பருவமும் மணியும் மாறினால் அது வேறு நிலம் ஆகிவிடுகிறது. டிசம்பரில் நண்பர்கள் சிரித்துக்கொண்டே ஏறி இறங்கிய மலையின் படத்தைப் பார்த்து, ஏப்ரலில் அதே மலைக்குப் புறப்படுபவர் உண்மையில் அந்த மலைக்குப் போகவில்லை.

இவ்வளவையும் சொல்வது மலையேற்றத்தைத் தடுப்பதற்காக அன்று. வழிகாட்டியோடு செல்லும் கடினமான ஒருநாள் மலையேற்றத்தில் வழிகாட்டி என்பவர் யார் என்ற கேள்வியை எழுப்புவதற்காக. அவர் பாதை தெரிந்த கூலியாளா, சுமை தூக்குபவரா, அரசு விதி கேட்பதால் உடன் வரும் ஒரு சான்றா? அல்லது அன்றைய நாளுக்கு அந்தக் குழுவின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரா? கல்விப்புலத்தினர் இந்தக் கேள்விக்கு இன்னும் நேர்மையான விடை தரவில்லை.

முதலில் உடலியலைப் பார்ப்போம். ஏறும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஏறுகின்ற வேலைக்குப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக உடலுக்குள் தங்குகிறது. அதனை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முதன்மையான வழி வியர்வை. கடும் வெயிலில் ஏறுபவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வை இழக்கக்கூடும். வறண்ட காற்றில் அந்த வியர்வை தோன்றியவுடனே ஆவியாகிவிடுகிறது. சட்டை நனைவதில்லை, எனவே எவ்வளவு நீரை இழந்தோம் என்பது ஏறுபவருக்குத் தெரிவதில்லை. சென்னையின் புழுக்கத்தில் வளர்ந்தவர் வறண்ட மலையில் ஏமாறுவது இங்கேதான். தனக்கு வியர்க்கவே இல்லை என்று அவர் மகிழ்கிறார்.

அடுத்த கட்டம் இன்னும் கொடியது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் வெப்பத்தாக்கில் மூளையின் செயல் குலைகிறது. குழப்பம், எரிச்சல், பொருந்தாப் பேச்சு, பொருளற்ற பிடிவாதம் ஆகியவை அதன் அறிகுறிகள். அதாவது, ஒருவர் திரும்பியே ஆகவேண்டிய நேரத்தில், திரும்ப வேண்டும் என்று உணரும் ஆற்றலைத்தான் அவர் முதலில் இழக்கிறார். 'எனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம்தான்' என்று அவர் சொல்வது மன உறுதியின் வெளிப்பாடாக இருக்கலாம். நோயின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அவரால் இயலாது. ஆகவே அந்த முடிவு அவருக்கு வெளியே இருக்க வேண்டும். கடினமான மலைக்கு வழிகாட்டி ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. பாதை காட்டும் வேலையைக் கைபேசியின் வரைபடம் செய்துவிடும். முகத்தைப் பார்த்து, நடையைப் பார்த்து, பேச்சின் தடுமாற்றத்தைக் கேட்டு, 'போதும், இறங்குவோம்' என்று சொல்ல மனிதர்தான் வேண்டும்.

சொன்னால் கேட்பார்களா என்பதே சிக்கல். ஒருநாள் மலையேற்றக் குழுவின் அமைப்பைச் சற்றே சமூகவியல் கண்ணோடு பார்க்கலாம். குழுவில் பேராசிரியர் இருப்பார், அவர் 'சார்'. முதுநிலை ஆய்வாளர் இருப்பார். அவர் 'அண்ணா' அல்லது 'அக்கா'. வழிகாட்டி பெரும்பாலும் அடிவாரக் கிராமத்தவர் அல்லது பழங்குடியினர். பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்தியவராக இருக்கலாம். நாற்பது வயதானாலும் அவர் 'தம்பி' அல்லது வெறும் பெயர். தமிழிலும் கன்னடத்திலும் அவரை ஒருமையில் அழைப்பது இயல்பாகக் கருதப்படுகிறது. காலை ஆறு மணிக்கு 'நீ' என்று விளிக்கப்பட்டவர், பகல் பதினொரு மணிக்குப் பேராசிரியரை நோக்கி 'நீங்கள் இனி ஏறக்கூடாது' என்று எப்படிச் சொல்வார்? சொன்னாலும், அது கட்டளையாக அன்றி வேண்டுகோளாகவே ஒலிக்கும். வேண்டுகோளை மறுக்கலாம். மொழியின் படிநிலை மலையின் மேல் உயிர் தொடர்பான படிநிலையாகி விடுகிறது.

இதனோடு பணமும் சேர்கிறது. குழு கட்டணம் செலுத்தியது உச்சிக்காக. உச்சியை அடையாமல் திரும்பினால் அடுத்த முறை வேறு வழிகாட்டியைத் தேடுவார்கள், இணையத்தில் குறைந்த நட்சத்திரம் இடுவார்கள், அன்பளிப்பும் குறையும். உயிரைக் காக்கும் முடிவை எடுக்கும் மனிதர் அந்த முடிவாலேயே வருமானம் இழக்கும் வகையில் ஏற்பாட்டை அமைத்துவிட்டு, பாதுகாப்பு அவருடைய பொறுப்பு என்று எழுதி வைப்பது நேர்மை அன்று.

வழிகாட்டி புகழ்பெற்றவராக இருந்தாலும் இந்த அழுத்தம் விடுவதில்லை. 1996 மே 10, 11 நாட்களில் எவரெஸ்டில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டினால் திரும்ப வேண்டும் என்ற புரிதல் இருந்தும், பலர் அதற்குப் பின்னரே உச்சியை அடைந்தனர். கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர்களை அழைத்துச் சென்ற இரு குழுக்களின் தலைவர்களான ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் இறந்தவர்களில் அடங்குவர். உலகின் தேர்ந்த வழிகாட்டிகளையே அசைத்த அழுத்தத்தை, நாட்கூலி பெறும் கிராமத்து இளைஞர் தனியொருவராகத் தாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகவே, உரிமையை வழிகாட்டியின் துணிச்சலிடம் விட்டுவிடாமல், புறப்படும் முன்னரே விதியாக அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

தமிழகம் இதற்கான விலையைக் கொடுத்திருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் பலர். அந்தப் பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பு கூறியது. அனுமதி பற்றிய விவாதம் பல மாதங்கள் நீடித்தது. அதைவிட அடிப்படையான கேள்வி குறைவாகவே பேசப்பட்டது: கோடையின் தொடக்கத்தில், காய்ந்த புல் நிறைந்த சரிவில், இன்று இறங்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அந்தச் சரிவில் ஆண்டுதோறும் எப்போது தீப்பிடிக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அறிந்தவர்கள் அடிவாரத்தில் வாழ்பவர்கள். அந்த அறிவுக்கும் முடிவுக்கும் இடையே பாலம் இருக்க வேண்டும்.

அதன்பின் மாற்றங்கள் வந்துள்ளன என்பதை மறுக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2018-இல் மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தித் திறந்தது. வனத்தையொட்டி வாழும் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உள்ளனர். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. கர்நாடகத்தில் 2024 ஜனவரி இறுதியில், குடியரசு நாள் விடுமுறையில் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதைக் காட்டும் காணொலிகள் பரவிய பின், இணைய முன்பதிவு இல்லாத பாதைகளில் மலையேற்றம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பின்னர் இணைய முன்பதிவும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் வந்தன.

இவை நல்ல தொடக்கம். ஆனால் இவ்விதிகளின் நோக்கு பெரும்பாலும் எண்ணிக்கை, கட்டணம், அனுமதி ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. வழிகாட்டி உடன் செல்ல வேண்டும் என்பது கட்டாயமாகிறது. வழிகாட்டி சொன்னால் திரும்ப வேண்டும் என்பது பயணிகளின் மனத்தில் கட்டாயமாகவில்லை. மேலும், வனத்துறையின் பட்டியலுக்கு வெளியே உள்ள பாறை மலைகளுக்கும் கோயில் மலைகளுக்கும் இந்தக் கட்டமைப்புப் பொருந்துவதில்லை. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைக் கடந்து செல்லும் பக்தர்களில் சிலர் ஆண்டுதோறும் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறக்கின்றனர். இதய நோயாளிகள் ஏறவேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. பாதி வழியில் ஒருவரை நிறுத்தித் திருப்பி அனுப்பும் பணி அறிவிப்புப் பலகையால் ஆவதில்லை.

பாலைவன மலைகளோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது பாடமாகும். எகிப்தின் சினாய் மலை 2,285 மீட்டர் உயரமுடையது. அதன் அடியிலுள்ள புனித கேத்தரின் மடத்திலிருந்து மேலே செல்லும் பழைய பாதையில் 3,750 கற்படிகள் உள்ளன என்பர். சாமுண்டியின் படிகளைப் போல் அவையும் நேர்த்திக்காக அமைக்கப்பட்டவை. ஆனால் அங்கே படிகள் இருந்தும் வழிகாட்டி உண்டு. ஜெபலியா என்னும் பெதோயின் குலத்தவர் அம்மலையின் வழிகாட்டிகள்; ஆறாம் நூற்றாண்டில் மடத்துக்குப் பணிபுரிய அனுப்பப்பட்டோரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களது மரபு. பயணிகள் நள்ளிரவைத் தாண்டிப் புறப்பட்டு விடியலில் உச்சியை அடைந்து, வெயில் முற்றுமுன் இறங்குவது வழக்கம். சூரிய உதயத்தின் அழகுக்காக என்று பயணிகள் எண்ணுகிறார்கள். வெயிலுக்கு முன் இறங்கிவிடும் அறிவும் அதே வழக்கத்துக்குள் இருக்கிறது. அறிவு வழக்கத்தின் உருவில் இருப்பதால், அதைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை, பின்பற்றினால் போதும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரம் வேறு வழியைத் தேர்ந்தது. நகருக்கு நடுவே நிற்கும் கேமல்பேக் மலையின் ஒரு பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டரில் 390 மீட்டர் ஏறுகிறது. சாமுண்டி மலையோடு ஒப்பிடத்தக்க ஏற்றம்தான். அங்கே ஆண்டுதோறும் வெயிலில் விழுபவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே வெப்பத்தால் பாதிக்கப்பட்டபோது, 2021 முதல் கடும்வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல்வேளையில் அப்பாதைகளை மூடுவதென நகராட்சி முடிவு செய்தது. தனிமனித உரிமையைப் பெரிதும் போற்றும் நாட்டில் இது எளிதான முடிவு அன்று. ஏறுபவர் தம் உயிரோடு மட்டும் சூதாடவில்லை, மீட்க வருபவரின் உயிரோடும் சூதாடுகிறார் என்பதே அங்கு ஏற்கப்பட்ட வாதம்.

இந்தியாவுக்குள்ளேயே இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. லடாக்கின் குளிர்ப்பாலையில் லே நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் காங்ரி 6,153 மீட்டர் உயரமுடையது. பெரிய மலையேற்றத் திறன் இல்லாதவர்களும் ஏறலாம் என்ற பெயரால் ஆண்டுதோறும் கூட்டம் பெருகியது. அந்த மலையின் பனியாறே கீழுள்ள ஸ்டோக் கிராமத்துக்கு நீர் தருகிறது. நீர் மாசடைவதையும் பனியாறு தேய்வதையும் கண்ட கிராமத்தினர் 2020-இல் அந்தச் சிகரத்தை மலையேற்றத்துக்கு மூடச் செய்தனர். ஏறுபவரின் ஆசைக்கு மேலாக அடிவாரத்தில் வாழ்பவரின் சொல் நின்றது. உலகம் இடிந்துவிடவில்லை, ஏறுபவர்கள் வேறு மலைகளுக்குச் சென்றனர்.

இந்த மூன்று எடுத்துக்காட்டுகளிலும் ஒரு பொதுமை உண்டு. ஏறுபவரின் விருப்பத்துக்கு வெளியே, மலையை அறிந்த ஒருவரிடம் அல்லது ஓர் அமைப்பிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை வைக்கப்பட்டிருக்கிறது. அது சினாயில் வழக்கமாகவும், ஃபீனிக்ஸில் சட்டமாகவும், ஸ்டோக்கில் ஊர்முடிவாகவும் இருக்கிறது.

இனிக் கல்விப்புலத்துக்கு வருவோம். மைசூரு நகரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இருக்கிறது. இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 1916-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றோடு தொடர்புடைய மொழியியலாளரும் கல்வெட்டாய்வாளரும் மானிடவியலாளரும் தாவரவியலாளரும் களப்பணிக்காக மலை ஏறுபவர்கள். இவர்கள் ஏறும் ஒவ்வொரு மலையிலும் முன்னால் ஒருவர் நடந்திருக்கிறார். ஆய்வேட்டில் அவர் எங்கே இருக்கிறார்? நன்றியுரையின் கடைசிப் பத்தியில், 'உள்ளூர் மக்களுக்கும் நன்றி' என்ற தொடரில் இருக்கிறார். பல சமயங்களில் அங்கும் இல்லை.

மலையில் வழிகாட்டியின் சொல்லைக் கேட்காமல் விடுவதும், ஆய்வேட்டில் அவர் பெயரை விட்டுவிடுவதும் ஒரே மனப்பான்மையின் இரு வெளிப்பாடுகள். இரண்டுக்கும் அடியில் இருப்பது, அவரிடம் உள்ளது பழக்கம், நம்மிடம் உள்ளது அறிவு என்னும் எண்ணம்.

இந்த எண்ணத்தைத் தகர்க்கப் பொதிகை மலையின் வரலாறு ஒன்றே போதும். 1987-இல் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு அகத்தியமலைக் காடுகளில் களப்பணிக்காக ஏறியது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணிப் பழங்குடியினர். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்து விழுந்தபோது, வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்தனர். அவ்வப்போது ஏதோ சிறு காய்களை மென்றுகொண்டிருந்தனர். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினர். அது அவர்கள் சமூகம் காத்துவந்த அறிவு. பின்னர் காட்டினர். மலையாளத்தில் ஆரோக்கியப்பச்சை என வழங்கும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டபோது, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென முடிவாயிற்று. அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பயன்பங்கு அளித்த முன்னோடி நிகழ்வாக இது உலகெங்கும் பேசப்படுகிறது.

இந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன. காணி மக்கள் அனைவரிடமும் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. செடியைப் பயிரிடுவதில் வனத்துறையோடு சிக்கல்கள் வந்தன. ஆனாலும் அடிப்படை உண்மை மாறாது. நாடறிந்த ஒரு கண்டுபிடிப்பு ஆய்வகத்தில் தொடங்கவில்லை. மலையேற்றத்தின் களைப்பில், முன்னால் நடந்த இருவரின் கையில் இருந்த காயில் தொடங்கியது. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற அவர்களின் பெயர்கள் இன்று பதிவில் உள்ளன. அவ்வாறு பதிவாகாத பெயர்கள் எத்தனை என்பதை ஒவ்வொரு துறையும் தன் அலமாரியில் உள்ள ஆய்வேடுகளைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம்.

அக்ரஹாரம் என்ற சொல்லும் இங்கே நினைக்கத் தக்கது. கற்றவர்கள் என்று கருதப்பட்ட அந்தணர்க்கு மன்னர்கள் அளித்த குடியிருப்பையும் நிலத்தையும் குறித்த சொல் அது. ஒருவகை அறிவுக்கு நிலமும் வருவாயும் மரியாதையும் அளித்துக் கல்லில் பொறித்துவைத்த மரபு, மலையை அறிந்த அறிவுக்கு அத்தகைய சாசனம் எதையும் எழுதவில்லை. இன்று அதே பெயர் தாங்கிய பகுதியில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் எல்லாச் சாதியினரும் எல்லா மாவட்டத்தினரும் ஆவர். அந்த மாற்றம் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எது அறிவு, யார் அறிஞர் என்ற பழைய வரையறை அறைகளிலிருந்து வெளியேறவில்லை. அது களப்பணிப் பையோடு சேர்ந்து மலைக்கும் ஏறுகிறது.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பல்கலைக்கழகத் துறைகளும் விடுதி மன்றங்களும் மாணவர் குழுக்களும் மலையேற்றத்துக்கோ களப்பணிக்கோ புறப்படும் முன், திரும்பும் நேரத்தை எழுத்தில் வைக்க வேண்டும். 1892-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதனோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது குளிர்நாட்டில், உடல் தேர்ந்தவர்களுக்கான கணக்கு. நம் பாறை மலைகளுக்கும் நம் கோடைக்கும் அதைவிடத் தாராளமாகவே நேரம் ஒதுக்க வேண்டும். குறித்த மணி ஆனதும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். கோடையில் அந்த மணி பகல் பத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அடுத்து, வழிகாட்டியின் ஊதியம் உச்சியோடு கட்டப்படக் கூடாது. பாதி வழியில் திரும்பினாலும் முழு ஊதியம். புறப்படும் முன்பே பாதி, இறங்கியவுடன் மீதி என எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பிவிட்டதற்காக எவரும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் துறைத் தலைவர் அதை ஏற்கக் கூடாது. குழுவில் எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரானாலும், மலையின் மேல் வழிகாட்டியின் சொல்லே இறுதி என்பதைப் பேராசிரியரே மாணவர் முன்னிலையில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போது அவரை 'நீங்கள்' என்று அழைக்கவும் வேண்டும். அந்த ஒரு விகுதிக்குச் செலவில்லை. ஆனால் பதினொரு மணி வெயிலில் அவர் சொல்லப்போகும் சொல்லுக்கு அதுதான் அடித்தளம்.

மூன்றாவதாக, ஆய்வேட்டில் பெயர். வழிகாட்டி இடத்தைக் காட்டினார் என்றால் பெயர், ஊர், செய்த பணி ஆகியவற்றை அவர் ஒப்புதலோடு குறிப்பிடலாம். கல்வெட்டு இருந்த பாறையை, செடி வளரும் சரிவை, வழக்கிழந்த சொல்லை அவரே அடையாளம் காட்டினார் என்றால், அது தகவல் தருவதைக் கடந்த பங்களிப்பு. இணை ஆசிரியராகச் சேர்ப்பது குறித்துத் துறைகள் தயக்கமின்றி விவாதிக்க வேண்டும்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வரக்கூடும். வழிகாட்டியும் தவறு செய்யலாமே என்பது முதலாவது. செய்யலாம். ஆனால் திரும்பச் சொல்லித் தவறு செய்தால் இழப்பது ஓர் உச்சி. ஏறச் சொல்லித் தவறு செய்தால் இழப்பது ஓர் உயிர். இரு தவறுகளும் சமம் அல்ல. ஆகவே திரும்பச் சொல்வதில் அவர் சொல் இறுதியாகவும், ஏறச் சொல்வதில் ஒவ்வொருவரும் மறுக்க உரிமை உடையவராகவும் இருக்கலாம். குழுவில் ஒருவர் முடியாது என்றாலும் அவரைத் தனியே விட்டுவிடாமல் இறக்கும் ஏற்பாடு வேண்டும்.

இளைஞர்களின் சாகச உணர்வை இது மழுங்கடிக்கும் என்பது இரண்டாவது. சாகசம் என்பது அறிந்து ஏற்கும் இடர். அறியாமல் விழும் குழிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஏறும் திறனைப் போலவே திரும்பும் திறனும் பயிற்சியால் வருவது. இதில் பின்னது அரிது.

செலவு கூடும் என்பது மூன்றாவது. மாணவர்களைப் பொறுத்தவரை இது உண்மையான கவலை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் காலத்தில் வழிகாட்டிக்கான கட்டணம் பாரமே. அந்தப் பாரத்தை மாணவர் மீதோ வழிகாட்டி மீதோ சுமத்துவதற்குப் பதிலாக, களப்பணி நிதியில் அதற்கெனத் தனித் தலைப்பு ஒதுக்குவதே முறை. மாதிரிகளைச் சோதிக்க ஆய்வகக் கட்டணம் ஒதுக்கும் துறை, மாதிரி இருக்கும் இடத்துக்கு உயிரோடு அழைத்துச் சென்று உயிரோடு திரும்பக் கொண்டுவருபவருக்கு ஒதுக்க மறுப்பதற்குக் காரணம் இல்லை.

புதிய கல்வியாண்டின் களப்பணிப் பட்டியல்களும் சுற்றுலாப் பட்டியல்களும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரித் தயாராகின்றன: இடம், நாள், வண்டி, உணவு, தலைக்கு இவ்வளவு தொகை. அந்தப் பட்டியலில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். ஒன்று, திரும்பும் நேரம். மற்றொன்று, அந்த நேரத்துக்கு முன்னரும் திரும்பச் சொல்லும் உரிமை உடையவரின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்காது. இருந்தும், அந்த ஒரு நாளுக்குக் குழுவிலேயே மிகுதியாகக் கற்றவர் அவர்தான்.